ராஜபார்ட் குரலில் மூன்று பங்கு

பழைய கிராமபோன் தட்டை டேப்பில் ஏற்றுகிற தொழில், பொக்கைவாய்க் கிழவரை போட்டோ எடுக்கிற தொழில் மாதிரி: எவ்வளவு நன்றாக எடுத்தாலும் பல் எங்கே என்று நம்மைத்தான் கேட்பார்கள்.

வாட்ச், குடை, தையல் மிஷின் என்று அடுத்த வீட்டுப் பொருளைத் தொட்டுப் பிழைத்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். எழுபதுகளின் கடைசியில் திருச்சி தெப்பக்குளம் பக்கம், ஒரு மாடிப்படிக்குக் கீழே எனக்கு ஒரு கடை இருந்தது. யாராவது படியேறினால் ரெக்கார்டிங்கில் குதிரைப்படை போகும். பாதிக் கடையில் ரேடியோ ரிப்பேர் அந்தோணி, மீதியில் நானும் ஒரு தட்டு பிளேயரும் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரும். இப்போது கம்ப்யூட்டரில் கீறலையே துடைத்து எடுத்துவிடுகிறார்களாம். அன்றைக்கு என்னிடம் இருந்தது பஞ்சு, தண்ணீர், பொறுமை. பொறுமை பாதி நாள் ஸ்டாக் இருக்காது.

பேச்சு வராத ராஜா

ஒரு நாள் லால்குடியிலிருந்து ராஜபார்ட் மருதையா வந்தார். ராஜா வேஷம் கட்டியே ஆயுசைக் கழித்தவர். ஒரு காலத்தில் லால்குடி மேடையில் நின்று "யாரங்கே?" என்று அவர் கேட்டால், கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கம் ரோந்தில் இருக்கிற போலீஸ்காரர் சல்யூட் அடிப்பாராம். நான் கூட்டிச் சொல்லவில்லை, போலீஸ்காரரே கூட்டித்தான் சொன்னார். அப்பேர்ப்பட்டவருக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி, பேசினால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம்தான் வந்தது. காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும்.

அவர் நாடகம் ஒன்று மூன்று தட்டுகளாக வெளிவந்திருந்தது. சொத்தைப் பிரித்தபோது நிலத்தை இரண்டு மகன்களுக்கும் எழுதிவிட்டு, தட்டுகளை மட்டும் மகளையும் சேர்த்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிட்டார். இப்போது சாவதற்குள் ஒரு தடவையாவது நாடகத்தை முழுசாகக் கேட்க வேண்டும், மூன்றையும் ஒரே டேப்பில் ஏற்றித் தர முடியுமா என்றார். "பிள்ளைங்களையே கொண்டுவரச் சொல்லலாமே" என்றேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதில் ஊதினார்.

"மூணு பேரும் பேசிக்கிறதில்லைங்க. எனக்கு மட்டும் பெரியவன் வீட்லேருந்து சோறு வருது, பேச்சு வராது."

சந்தனம்

லால்குடிக்குப் போனேன். மகன்களில் பெரியவர் வயல்காரர், பக்திமான். முதல் தட்டை சாமி படங்களுக்கு நடுவில் சாய்த்து வைத்திருந்தார். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அதற்குச் சந்தனம் தடவிக் குங்குமம் வைத்திருக்கிறார்கள். வைத்ததில் தப்பில்லை, நடுவில் லேபிளில் வைத்திருக்கலாம். பாட்டு இருக்கிற கோடுகள் மேலேயே நாலு பக்கமும் வைத்து, பழைய சந்தனம் காய்ந்ததும் அதன் மேலேயே புதுசு. தட்டில் பாதி சொரசொரவென்று காய்ந்த ஏரி மாதிரி வெடித்திருந்தது. "இதைப் போட்டுக் கேட்டிருக்கீங்களா?" என்றேன். "சாமியைப் போய்ப் போட்டுக் கேப்பாங்களா?" என்றார்.

கடையில் உட்கார்ந்து ஈரப் பஞ்சால் கோடு கோடாகத் துடைத்தேன். ஸ்பிரிட் தொடக்கூடாது, தட்டு அரக்கு, கரைந்து போகும். கூடவே வந்த பெரியவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். சந்தனம் போனது, அது தின்ற கோடு திரும்பவில்லை. போட்டுக் கேட்டால், இரைச்சலில் ராஜா அடைமழையில் குடையில்லாமல் நின்று தர்பார் நடத்தினார். "உங்க அப்பா உயிரோடதானே இருக்காரு, அதுக்குள்ள சாமியாக்கிட்டீங்களே" என்றேன்.

"அவரு வேற, அவரு குரலு வேறங்க. சாமிக்கு வெச்சதைக் கழுவிட்டீங்க, குடும்பத்துக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆனா நீங்கதான் பதில் சொல்லணும்."

ஃபேன் மோட்டார்

சின்னவர் பொன்மலை ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். எஞ்சினையே பிரித்துப் பூட்டுகிற ஆளுக்கு கிராமபோன் எந்த மூலைக்கு என்று, குவார்ட்டர்ஸில் ஒரு மேஜை ஃபேனின் மோட்டாரைக் கழற்றித் தானே ஒரு பிளேயர் செய்திருந்தார். அதன் தண்டு தடிமன். அதற்காகத் தட்டின் நடு ஓட்டையை ட்ரில் போட்டுப் பெரிசாக்கியிருந்தார், அதுவும் ஒரு பக்கமாக. ஊசி தீர்ந்துபோனதும் ஒரு ஆணியைத் தீட்டிப் போட்டு ஓட்டியிருக்கிறார். அவர் பாசத்தில் குறை சொல்ல முடியாது. அப்பா குரலை விடாமல் கேட்டவர் அந்த வீட்டில் இவர் ஒருத்தர்தான். கேட்டுக் கேட்டே தேய்த்துவிட்டார்.

இரண்டாவது தட்டின் முடிவில் ராஜா போர்க்களத்தில் செத்துப் போகிறார். என் பிளேயரில் தட்டு ஆடிய ஆட்டத்தில் ராஜா ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு செத்தார். மயிரிழை மயிரிழையாக நகர்த்தி வைத்து ஆட்டத்தை நிறுத்தவே பாதி நாள் போயிற்று. கடைசி வசனம் இருந்த இடத்தில் மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, உழுத வயல் மாதிரி கிடந்தது. அந்தோணி தலையை நிமிர்த்தாமலே "ராஜாவைக் கொன்னது எதிரி இல்லண்ணே, ஆணி" என்றான். கூடவே வந்திருந்த சின்னவருக்கு அது காதில் விழவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஒர்க்ஷாப்புல இப்படி ஆமை மாதிரி வேலை பார்த்தா சாயந்தரத்துக்குள்ள மெமோ கொடுத்துடுவாங்க சார்."

சித்திரை வீதி

மகள் தங்கம் ஸ்ரீரங்கத்தில், சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குடியிருந்தார். வீட்டுக்காரருக்குப் பூ வியாபாரம். டிரங்குப் பெட்டியைத் திறந்து, பழைய பட்டுப்பாவாடையைப் பிரித்து மூன்றாவது தட்டைக் காட்டினார். காட்ட மட்டும்தான் செய்தார். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதில் என் முகம் தெரிந்தது, மூக்கில் இருந்த மரு உட்பட. அத்தனை வருஷத்தில் ஒரு ஊசிகூட அதைத் தொட்டதில்லை. அவர் வீட்டில் மிஷினும் கிடையாது.

"எங்கப்பா எனக்குன்னு கொடுத்தது இது ஒண்ணுதான். அண்ணனுங்களுக்கு நஞ்சை, எனக்கு அவரு குரலு. அவரே வந்து வாயைத் திறந்து கேக்கட்டும், தரேன்" என்றார்.  "அவருக்குத்தான் குரலே போயிடுச்சேம்மா" என்றேன்.

"பங்கு பிரிச்சன்னிக்கு இருந்துச்சுல்ல?"

மூன்றாவது தட்டு

தங்கம் சொன்னதைச் சொன்னபடி மருதையாவிடம் சொன்னேன். மறுநாளே பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போயிருக்கிறார். வாசலில் நின்று என்ன கேட்டாரோ, மகள் காதில் எவ்வளவு விழுந்ததோ, மத்தியானம் இரண்டு பேருமாகக் கடைக்கு வந்தார்கள். பஸ்ஸில் தட்டை மடியிலிருந்து இறக்காமலே வந்திருக்கிறார் தங்கம். என் கையில்கூடக் கொடுக்கவில்லை, அவரேதான் பிளேயரில் வைத்தார்.

ராஜா போன தட்டிலேயே செத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். ஆனால் நம் நாடகங்களில் ஒன்ஸ்மோர் கேட்டால் பிணமும் எழுந்து பாடும் என்பதால் நான் அதை யோசிக்கவில்லை. ஊசியை வைத்தேன். ராணி ஒப்பாரி வைத்தாள். ஒவ்வொரு வார்த்தையும் மணி மாதிரி விழுந்தது. தட்டைத் திருப்பிப் போட்டேன். பபூன் வந்து ராணிக்கு ஆறுதல் சொன்னான், எல்லாரும் சேர்ந்து மங்களம் பாடினார்கள், தட்டு முடிந்தது. தங்கம் இன்னும் காதைக் கொடுத்தபடியே நின்றார்.

"இதுல அப்பா எங்க?" என்றார் என்னிடம்.

மருதையா தரையைப் பார்த்தபடி ஊதினார்: "நான் ரெண்டாவது தட்டுலயே செத்துட்டேம்மா."

"தெரிஞ்சுதான் கொடுத்தீங்களா?"

"அண்ணனுங்க என் குரல் இருக்கிறதாப் பாத்துக் கேட்டு வாங்கிக்கிட்டாங்க. நீ எதுவும் கேக்கல."

தங்கம் அழவில்லை. தட்டை எடுத்துப் பட்டுப்பாவாடையில் சுற்றப் போனார், பிறகு என்ன நினைத்தாரோ, பாவாடையை மட்டும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தட்டை என் மேஜையிலேயே விட்டுவிட்டார். எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "மத்த ரெண்டுலயும் அப்பா குரல் இருக்கும்மா, உங்களுக்கும் ஒரு டேப் போட்டுத் தரேன்" என்றேன். படி வரைக்கும் போனவர் திரும்பினார்.

"அசல்ல பங்கு இல்ல, நகல் மட்டும் எதுக்குங்க?"

டேப்பை முழுசாக ஏற்றி மருதையாவிடம் கொடுத்தேன். அதில் ஒரு கீறல் இல்லாமல், முன் வரிசையில் பாய் போட்டு உட்கார்ந்து கேட்கிற மாதிரி வந்தது, அவர் செத்த பிறகு நடக்கிற பாகம் மட்டும்தான்.