யோசேப்பு மடித்த விமானங்கள்

ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே உள்ள ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கும் இயந்திரம் யோசேப்பின் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக் குருநகரில் பிறந்தவர். அகதியாக ஜெர்மனிக்கு வந்து, ஹோட்டலில் கோப்பை கழுவி, பிறர் தோட்டங்களைத் துப்புரவாக்கி, கடைசியில் இந்த இயந்திரத்தடியில் கால் ஊன்றினார். பதினாறு பக்கங்கள் ஒரே அகன்ற தாளில் அச்சாகி வரும். இயந்திரம் அதை மடித்து மடித்துப் புத்தகத்தின் ஒரு கட்டாக்கித் தள்ளும். தாள் கோணாமல் போகிறதா என்று பார்ப்பதும், கோணினால் நிறுத்துவதும் அவர் பாடு.

அங்கே வரும் வேலைகளில் பாதி போர் வரலாற்றுப் படப் புத்தகங்கள். டாங்கிகள், நீர்மூழ்கிகள், எல்லாவற்றையும் விட அதிகமாகப் போர் விமானங்கள். நத்தார்ப் பண்டிகைக்கு முன் நன்றாக விற்கும். யோசேப்புக்கு அவை வெறும் தாள்கள்தான். மை காய்ந்ததா, மடிப்பு நேராக விழுந்ததா என்பதற்கு மேல் அவர் பார்த்ததில்லை. ஆனால் வீட்டில் என்ன புத்தகம் என்று கேட்டால், "படப் புத்தகங்கள்" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்வார்.

காரணம் அவருடைய மனைவி றெஜினா. றெஜினாவின் தகப்பன் கடற்கரையில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தபோது பொம்மர் விமானம் தாழப் பதிந்து வந்து அவரைச் சுட்டுக் கொன்றது. பள்ளிக்கூடப் பிள்ளையான அவள் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க்கொண்டிருந்தாள். இத்தனை வருடம் கழிந்தும் விமானச் சத்தம் கேட்டால் அவள் தலை தானாகக் குனியும். விமான நிலையத்துப் பக்கம் நல்ல வீடு ஒன்று கிடைத்தபோது, அறைகள் ஈரம் என்று ஏதோ சொல்லி யோசேப்பே அதைத் தட்டிக் கழித்திருந்தார்.

போன வருடம் வைகாசியில், பயிற்சி விமானங்களைப் போருக்கு அனுப்பிய நாடுகளைப் பற்றிய புத்தகம் ஒன்று அச்சாகி வந்தது. மடிப்பு சரியா என்று ஒரு தாளை எடுத்து விரித்தவரின் கை அப்படியே நின்றது. கூரான மூக்கு, கண்ணாடிக் கூடு, சிறகுகளின் கீழே குண்டுகள். விமானத்தில் சாய்ந்தபடி இரண்டு இளம் விமானிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தாலியில் செய்தது, இலங்கையில் தரையைத் தாக்கவும் பயன்பட்டது என்று கீழே ஒரு வரி. ஊரில் குண்டு போட்ட அதே சியாமாசெட்டி. அங்கே சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அந்தப் பெயர் தெரிந்திருந்தது.

அவர் இயந்திரத்தை நிறுத்தினார்.

மேற்பார்வையாளரான மைஸ்ரர் கெஸ்லர் வந்தார். "தாள் சிக்கிவிட்டதா?"

"இல்லை. இந்த விமானத்தை எனக்குத் தெரியும்."

கெஸ்லர் படத்தைப் பார்த்தார். பிறகு யோசேப்பின் முகத்தைப் பார்த்தார். "போய் ஒரு கோப்பி குடித்துவிட்டு வாருங்கள். இதை நான் ஓட்டுகிறேன்."

யோசேப்பு திரும்பி வந்தபோது அந்தத் தாள்கள் எல்லாம் மடிந்து, கட்டுக்கட்டாக அப்பால் போயிருந்தது.

கழிவில் விழுந்த, அந்தப் படமுள்ள தாள் ஒன்றை யோசேப்பு பையில் வைத்துக்கொண்டார். காட்டினால் றெஜினா உடைந்துபோவாளோ என்று பயம். காட்டாமல் விட்டால், அவளுக்கு உரியதைத் தான் ஒளித்துவைத்திருப்பது போல உறுத்தல். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும் வாய் திறந்தார்.

"றெஜினா, ஒண்டு காட்டவேணும். விருப்பமில்லையெண்டால் பாக்கவேண்டாம்."

"என்னது?"

"பொம்மர்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவளோ விமானத்தை விமானிகளின் உயரத்தோடு விரலால் அளந்து பார்த்தாள்.

"இவ்வளவு சின்னதே?"

"ஓம். ரெண்டு பேர்தான் இருக்கலாம்."

"நான் எங்கடை கோயிலளவு இருக்குமெண்டெல்லோ நினைச்சுக்கொண்டிருந்தனான்." அவள் விரல் சிரிக்கும் முகத்தின் மேல் நின்றது. "இதுக்குள்ளை இருந்து பாத்தால் கீழை ஆக்கள் தெரியுமோ?"

ஆட்கள் தெரியமாட்டார்கள் என்று சொல்லிவிடலாம். ஆனால் அவளிடம் பொய் சொல்ல யோசேப்பு விரும்பவில்லை. "எனக்கு வடிவாத் தெரியாதப்பா."

"அப்பா கையைக் காட்டினவர். தோளிலை கிடந்த துவாயை எடுத்து ஆட்டினவர், மீன்பிடிக்கிற ஆக்கள் எண்டு விளங்கட்டுமெண்டு. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது எண்டுதான் நான் இவ்வளவு காலமும்..."

அந்தத் துவாயைப் பற்றி யோசேப்பு அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார்.

பாத்திரங்களைக் கழுவி முடித்த பிறகு றெஜினா சொன்னாள்: "அந்த ரிவி கோபுரத்திலை ஒருக்கா ஏறிப் பாப்பமோ?"

அவர்களுடைய மகள் சிறுமியாக இருந்தபோது அழுது கேட்டும் றெஜினா ஏறாத, மலைமேல் நிற்கும் தொலைக்காட்சிக் கோபுரம் அது. அடுத்த சனிக்கிழமை விடிந்ததும், இன்றைக்கு மலை முழுவதும் பனிப்புகாராக இருக்கக்கூடாதா என்று யோசேப்பு யன்னலால் எட்டிப் பார்த்தார். வானம் துடைத்து வைத்தது போல் இருந்தது.

மேலே காற்று பிய்த்தது. றெஜினா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். மரங்களுக்கு நடுவே பாதை. ஒரு பெண் பிள்ளைவண்டி தள்ளிப் போனாள். ஒருவர் நாயோடு வந்தார். நாய் மரத்தடியில் நிற்க, அவரும் நின்றார்.

"தெரியுது," என்றாள். "நாய்கூடத் தெரியுது."

யோசேப்பு அவள் முதுகில் கையை வைத்தார்.

"அப்ப, அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"ஓம், றெஜினா."

"இவ்வளவு காலமும் தெரிஞ்சிருக்காதெண்டு அவங்களுக்காக நான் சாட்டுச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறன்." அவள் மூச்சை நீளமாக விட்டாள். "இனி ஏலாது."

கண் கலங்கியிருந்தது. ஆனால் முகத்திலிருந்து ஏதோ இறங்கியிருந்தது, பாரம் தூக்கி வந்தவர் அதை வைத்துவிட்டது போல.

கீழே வந்து ஒரு கோப்பிக் கடையில் இருந்தார்கள். அப்பிள் கேக்கைக் கிண்டிக்கொண்டிருந்தவள் திடீரென்று, "அப்பா இடக்கையர், தெரியுமோ?" என்றாள். வலையில் அவர் பொத்தி விட்ட இடத்திலிருந்து வேறொருவர் தொடர முடியாதாம், முடிச்செல்லாம் மறுபக்கமாகத் திரும்பியிருக்குமாம். கோயில் பாட்டுகளை எப்போதும் பிழையான சொற்களோடு பாடுவாராம். சுவாமியார் திருத்தினால், "மாதாவுக்கு விளங்கும், பாதர்" என்பாராம். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மணம் முடித்த நாளிலிருந்து மாமனாரின் சாவை மட்டுமே யோசேப்பு அறிந்திருந்தார். பக்கத்து மேசைகள் காலியாகின. பரிமாறும் பெண் அவர்கள் பக்கம் பார்த்தாள். யோசேப்பு கையைத் தூக்கி இன்னும் இரண்டு கோப்பி கேட்டார்.

"பிறகு?" என்றார் றெஜினாவிடம். "சொல்லும்."