சூடு ஆறட்டும்

தேங்காய்த்திட்டுத் துறையில் நான் போய் இறங்கியபோது, நாங்கள் வாங்க நினைத்திருந்த பழைய படகின் மூக்கில் என் மச்சான் தேவராசு மாலையே போட்டுவிட்டிருந்தார். கற்பூரப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் இன்னும் எஞ்சினைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் வைத்திக்குப்பத்தில் ஒரு படகுக்குக் கற்பூரம் காட்டிவிட்டால் அது நம் வீட்டுப் படகு. அதன்பின் குறை சொல்லக் கூடாது, திருப்பிக் கொடுக்கவும் கூடாது. புதுப் படகுக்கு இது சரி. பழைய படகுக்கும் அதே அவசரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டுப் பிறகு படகின் பின்னால் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் என் பட்டறையில் வந்து தலையில் கை வைத்து உட்கார்ந்தவர்கள் பலர்.

தேவராசு என் மனைவியின் அண்ணன். கடலுக்கடியில் மூழ்கிப் பார்க்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போவது அவர் தொழில். இருந்த படகு மெதுவானது. வேகப் படகு இருந்தால்தான் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஆட்களை அனுப்புவோம் என்று ஒரு ஓட்டலில் சொல்லியிருந்தார்கள். அன்று வெள்ளி. எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு அவர் போவார், எஞ்சினில் நான் இருப்பேன் என்பது ஏற்பாடு.

படகு நல்ல படகு. பின்னால் நூற்றைம்பது எச்.பி. எஞ்சின் இரண்டு. உடையவர் பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை முசே, பிரெஞ்சில் ஐயா, என்றுதான் கூப்பிடுவார்கள். சாவியைத் திருப்பினார். இரண்டு எஞ்சினும் உடனே பிடித்தன. மச்சானின் முகம் மலர்ந்துவிட்டது.

நான் எஞ்சினை நிறுத்தச் சொல்லி, மூடியைக் கழற்றிக் கை வைத்துப் பார்த்தேன். நல்ல சூடு. இப்போது போட்ட எஞ்சினுக்கு அவ்வளவு சூடு வராது. கேட்டேன்.

“காலையிலயே ஓட்டி வெச்சேன். நீங்க வந்து சிரமப்படக் கூடாதில்ல,” என்றார் முசே. மரியாதைக்காகத்தான் செய்திருந்தார். ஆனால் சூடான எஞ்சின் தன் நோயைச் சொல்லாது.

“ஆறட்டும் முசே. அப்புறம் ஸ்டார்ட் பண்ணுவோம்.”

மச்சான் என்னைத் தனியாக இழுத்துப்போனார். “மாப்ள, பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள கற்பூரம் காட்டணும். ஓட்டல்ல நேரத்தச் சொல்லிட்டு வந்துட்டேன்.”

எனக்கு வாதாட வராது. அவர் கையிலிருந்த பொட்டலத்தை வாங்கி என் டூல் பெட்டியில் போட்டு மூடினேன்.

“இன்னாய்யா இது, சின்னப் புள்ளகிட்ட மிட்டாய் புடுங்கற மாதிரி?”

“சூடு ஆறட்டும் மச்சான்.”

“எதுக்கு ஆறணும், எஞ்சினுக்கா எனக்கா?”

நான் ஸ்குரூ டிரைவரோடு படகில் ஏறினேன்.

ராகு காலம் வந்தது, போனது. அதற்குள் மற்றதைப் பார்த்தேன். எஞ்சின் மாட்டும் பின்பலகையை ஸ்குரூ டிரைவர் கைப்பிடியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். எங்கும் கணீரென்றுதான் கேட்டது. உள்ளே தண்ணீர் இறங்கியிருந்தால் சத்தம் மந்தமாக வரும். கியர் ஆயிலைச் சொட்டவிட்டுப் பார்த்தேன், பால் போல வெளுக்கவில்லை. மச்சான் தூரத்தில் ஒரு கயிற்றுச் சுருள்மேல் உட்கார்ந்து என்னைப் பார்க்காமல் டீ குடித்தார்.

மத்தியானத்துக்கு மேல் எஞ்சின் கைக்குக் குளிர்ந்தது. மறுபடி சாவி. வலது எஞ்சின் பிடித்தது. இடது எஞ்சின் நெடுநேரம் சுற்றி, மூன்றாம் முறைதான் பிடித்தது. பின்னால் நீலப் புகை. முசே முகத்தைச் சுளித்தார்.

நான் வேகம் கூட்டும் திராட்டில் லிவரைப் பிடித்து நிற்க, மூவரும் முகத்துவாரம் நோக்கிப் போனோம். அங்கே மணல் மேடிட்டுக் கிடக்கிறது. அலைக்கு நடுவே ஒரு இடைவெளி கிடைக்கும்போது லிவரைத் தள்ளினால் படகு அந்தக் கணமே பாய வேண்டும். தயங்கினால் அடுத்த அலை படகைக் குறுக்கே திருப்பிக் கவிழ்த்துவிடும். வேகப் படகு எங்களுக்கு வேகத்துக்காக இல்லை, இந்த ஒரு கணத்துக்காகத்தான். அலைக்கு வெகுமுன்பே, அமைதியான தண்ணீரில், லிவரைச் சட்டென்று தள்ளினேன். வலது இழுத்தது. இடது ஒரு முறை விக்கிவிட்டுத்தான் இழுத்தது. மறுபடி தள்ளினேன். மறுபடி விக்கியது. படகைத் திருப்பினேன்.

“லேசா இருமுது, அவ்ளோதான மாப்ள. போவப் போவ சரியாயிடும்.”

“முகத்துவாரத்துல இருமக் கூடாது மச்சான். எட்டுப் பேரு இருப்பாங்க.”

அவர் அலையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கரையில் இடது எஞ்சினின் பிளக்குகளைக் கழற்றி, உள்ளழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் கேஜ் மாட்டினேன். மூன்று சிலிண்டரில் முள் ஒரே இடத்தில் நின்றது. நான்காவதில் பாதியைத் தாண்டி நின்றுவிட்டது. முசே குனிந்து முள்ளையே பார்த்தார். “நான் பெட்ரோல் பழசுன்னு நெனச்சேன்,” என்றார். பிறகு நிமிர்ந்து, “நீங்களே பிரிச்சுப் பாருங்க. சரியாகாம இத யாருக்கும் குடுக்க மாட்டேன்,” என்றார்.

படகுக்குப் போட்ட மாலையை மச்சான் தானே கழற்றினார். ஞாயிற்றுக்கிழமைக்கு வந்த ஆட்கள் வேறொருவர் படகில் போனார்கள். வெகுநாள் அவர் என் பட்டறைப் பக்கம் வரவில்லை.

பிரித்ததில் பிஸ்டன் ரிங் உடைந்திருந்தது. பாகம் வந்து சேர மழைக்காலம் முடிந்துவிட்டது. அடுத்த முறை துறைக்குப் போனபோது, எனக்கு முன்னால் மச்சான் எஞ்சின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். “ஜில்லுனு கீது. போடு.”

முதல் சுற்றிலேயே பிடித்தது. முகத்துவாரத்தில் இடைவெளி பார்த்துத் தள்ளினேன். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு அலையைத் தாண்டியது. மச்சான் அதுவரை பிடித்திருந்த கம்பியை விட்டார்.

திரும்பி வந்ததும் கையை நீட்டினார். டூல் பெட்டியிலிருந்து பழைய பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தேன். இத்தனை நாளில் கற்பூரம் கரைந்து மிளகளவுதான் மிஞ்சியிருந்தது. கடைக்குப் போய் வாங்கி வரட்டுமா என்றேன்.

“இது போதும். பாத்துட்டுத்தான ஏத்தறோம்,” என்றார்.

படகு வாங்கப் போகும் தம்பிகளுக்கு இதுதான் சொல்வேன். வணக்கம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம். முதலில் எஞ்சின்மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால் உட்கார்ந்துவிடுங்கள்.