அத்தர் பாட்டிலில் நாணல் குச்சிகள்

எங்கள் வீட்டில் புகை ஆகாது. அம்மாவுக்கு இழுப்பு. சாம்பிராணியோ ஊதுபத்தியோ கொளுத்தினால் அன்று முழுவதும் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடையில், அப்பாவின் கால் புண்ணால் வீடு முழுக்க டிங்க்சரும் ஈரக் கட்டுத் துணியும் நாறியபோது, அதை எதைக் கொண்டு போக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா பாப்பிரெட்டிப்பட்டியில் தபால்காரர். சர்க்கரை நோய் உண்டு. எனக்கு வரன் தள்ளிக்கொண்டே போகிறது என்று வேண்டிக்கொண்டு, செருப்பில்லாமல் தீர்த்தமலை ஏறிவிட்டு வந்தார். காலில் கல் கிழித்தது அவருக்கே தெரியவில்லை. தரையில் ரத்தத் திட்டைப் பார்த்து நான் கத்திய பிறகுதான் குனிந்து பார்த்தார். எனக்காகத்தான் ஏறினார் என்று தெரிந்தும் அவர்மேல் எரிச்சல்தான் வந்தது. இருபத்து நான்கு வயதில் எனக்கு எல்லோர்மேலும் எரிச்சல்தான்.

ஆஸ்பத்திரியில் முதல் பத்து நாள் அவர்களே கட்டுப் போட்டார்கள். அப்புறம் வீட்டிலேயே கட்டிக்கொண்டு, வாரம் ஒருமுறை வந்து காட்டினால் போதும் என்றார்கள். கட்டுப் போடச் சொல்லிக்கொடுத்த நர்சம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சர்க்கரைக்காரருக்கு வலி தெரியாதும்மா. அவர கேட்டுப் பிரயோசனமில்ல. உன் மூக்குதான் சொல்லணும். கெட்ட வாடை வந்துச்சுன்னா அன்னிக்கே கூட்டிக்கிட்டு வந்துடு."

தலையை நன்றாகத்தான் ஆட்டினேன். அடுத்த வாரமே மொரப்பூரிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை வருகிறார்கள். அப்பாவைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டிய நாளும் வெள்ளிதான். இந்த வாடைக்குள் வந்து உட்கார்ந்தால் காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள் என்று நான் பயந்தேன்.

அடுத்த தெருவில் அத்தரும் கண்ணுக்கு இடும் சுருமாவும் விற்கும் பாய் ஒருவர் இருந்தார். அப்பா தினமும் தபால் கொடுத்துவிட்டு அவர் கடையில் ஐந்து நிமிடம் நின்று பேசிவிட்டுத்தான் கிளம்புவார். புகை இல்லாமல் வாசனை வேண்டும் என்று போய்க் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்டார். விருந்தாளி வருகிறார்கள் என்றேன். அது பொய் இல்லைதான்.

அவர் சந்தன அத்தரை ஒரு மெல்லிய எண்ணெயில் கலந்து, இருமல் மருந்து பாட்டிலில் முக்கால்வாசி ஊற்றிக் கொடுத்தார். "தேங்காண்ணெ சேக்காதீங்க தங்கச்சி, நாலு நாள்ல சிக்கு வாடை அடிக்கும். ஏரிக்கரைல நாணல் இருக்குதில்ல, நல்லா காஞ்சதா ஏழெட்டு ஒடிச்சி இதுல நட்டு வையுங்க. குச்சி எண்ணெய உறிஞ்சி மேல விடும். காத்தடிக்கிற எடத்துல வெக்காதீங்க. வாசம் கொறஞ்சா குச்சியத் திருப்பிப் போடுங்க."

இப்போது இதையே அழகான கண்ணாடிக் குப்பியில் வைத்துக் கடைகளில் விற்கிறார்கள். எப்படிப் பராமரிப்பது என்று அட்டையில் அச்சடித்தும் தருகிறார்கள். எனக்கு அந்த அட்டை வேண்டியதில்லை.

அப்பாவின் கட்டிலுக்கும் கூடத்துக்கும் நடுவில், சுவர் அலமாரியில் பாட்டிலை வைத்தேன். மறுநாள் காலையில் எங்கள் வீடு வேறு யாருடைய வீடோ என்று இருந்தது. அம்மா பயந்து பயந்து மூச்சை இழுத்துப் பார்த்தாள். ஒன்றும் செய்யவில்லை. அப்பா, "கோயில்ல படுத்திருக்கற மாரி இருக்குதும்மா" என்றார். தினமும் காலையில் குச்சிகளைத் தலைகீழாகத் திருப்புவேன். அலமாரியில் சொட்டிய எண்ணெயைத் துடைப்பேன். கட்டு மாற்றுவதைவிட அதைத்தான் கவனமாகச் செய்தேன்.

புதன்கிழமை கட்டை அவிழ்த்தபோது வாடை மாறியிருந்தது. அழுகிய முட்டைக்கோஸ் வாடை. சுண்டுவிரல் ஓரம் கறுத்திருந்தது. நர்சம்மா சொன்னது நினைவுக்கு வரவில்லை என்று இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை. நன்றாக நினைவிருந்தது. கால் நாறுகிறது என்று அப்பாவிடம் சொன்னேன்.

"வெள்ளிக்கெழம போவட்டும்மா. சனிக்கெழம போய்க்கலாம். எனக்கு ஒண்ணும் வலியே இல்ல" என்றார்.

அவரைக் கேட்டுப் பிரயோசனமில்லை என்று நர்சம்மா சொல்லியிருந்தார். நான் கேட்டேன். கிடைத்த பதில் எனக்குச் சௌகரியமாக இருந்தது. இறுக்கிக் கட்டுப் போட்டுவிட்டு, ஏரிக்கரைக்குப் போய் இன்னும் ஆறு நாணல் ஒடித்துக்கொண்டு வந்து பாட்டிலில் செருகினேன்.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கூடத்தில் உட்கார்ந்ததும், "வூட்ட எவ்ளோ வாசமா வெச்சிருக்கா பொண்ணு" என்றார். அப்பா காலைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தபடியே கும்பிட்டார். அங்கேயே தட்டு மாற்றிக்கொள்ளப் பேசிவிட்டுப் போனார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சாயங்காலம் பாய் விசாரிக்க வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றியவர் அங்கேயே நின்றார். இரண்டு முறை மூச்சை இழுத்தார்.

"விருந்தாளிக்குன்னீங்களே தங்கச்சி. சந்தனத்துக்கு அடியில வேற ஒண்ணு இருக்குது. அவர் கட்ட அவுருங்க."

நான் அவிழ்க்கவில்லை. அவரே உட்கார்ந்து அவிழ்த்தார். கணுக்கால் வரை கறுத்திருந்தது. அவர்தான் ஓடிப்போய் வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வந்தார். சேலத்தில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். புதன்கிழமையே கொண்டுவந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார் டாக்டர். வீட்டில் யாருக்கும் வாடை வரவில்லையா என்றும் கேட்டார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் சம்பந்தத்தை மாற்றவில்லை. மாமியார் ஆஸ்பத்திரிக்கே ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, "மொதல்லயே சொல்லியிருந்தா நாங்க இன்னொரு நாள் வந்திருப்பமே" என்றார். நல்ல மனுஷி. அந்த வார்த்தைக்காகவே அவர்மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது.

கல்யாணத்தன்று பாத பூஜை. பெற்றவர்களை உட்காரவைத்து, கால் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்துப் பெண் கும்பிட வேண்டும். அம்மா இரண்டு காலையும் தாம்பாளத்தில் வைத்தாள். இருபது வருடம் ஊர் முழுக்கத் தபால் கொண்டுபோன அப்பா, வேட்டியை ஒரு பக்கம் மடித்துச் செருகிக்கொண்டு ஒரு காலை வைத்தார். சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டதும் அந்த வாசனை ஏறியது. என் கை நின்றுவிட்டது.

"வைம்மா. நேரமாவுது" என்றார் அப்பா.

மூன்று கால்களுக்கும் வைத்தேன். நான்கு கால்களுக்கென்று கரைத்த சந்தனம் கிண்ணத்தில் மிச்சம் இருந்தது.