துருத்தியில் ஒட்டிய தோல்

ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில் இருந்துகொண்டு, முந்நூறு வருடத்துக்கு முந்தைய தேவாலய இசையை ஆராய்வது என் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. கேட்பதற்குத்தான் இங்கே ஆளில்லை. சென்ற வாரம் ஒரு பழைய ஆர்கனின் பின்புறம் ஏறி, அதற்குக் காற்று கொடுக்கும் துருத்தியைப் பார்த்தேன். ஆட்டுத்தோலில் ஒட்டுப் போட்டிருந்தார்கள். குனிந்து முகர்ந்தேன். எங்கள் ஊர் ஆம்பூர் மணத்தது.

ஆம்பூரில் படித்தபோது, எனக்குப் பதினோரு வயது. பள்ளியின் கிறிஸ்துமஸ் விழாவில் ஒரு பழைய ஜெர்மன் பாட்டைக் கால் ஆர்மோனியத்தில் வாசிக்க என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அந்தப் பெட்டியைத் தவிர அங்கே எனக்குத் தோழி கிடையாது. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அதன் துருத்தி கிழிந்துபோனது. மிதித்தால் வெறும் மூச்சுதான் வந்தது. சரியாகாவிட்டால் என் பாட்டு இல்லை என்று டீச்சர் சொல்லிவிட்டார்.

அப்பாவுக்குத் தோல் ஷாப்பில் தோல் பதனிடும் வேலை. "இன்னா, தோலுதானே? இதுக்கா அழுவுற?" என்றார். டீச்சரிடம், ரிப்பேருக்கு ஒரு ஆள் வருவார் என்று மட்டும் சொல்லிவைத்தேன். விழாவன்று காலை அப்பா வந்து மெல்லிய ஆட்டுத்தோலை ஒட்டினார். மடிப்பில் வெடிக்கக் கூடாதென்று மீன் எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்தார். எங்கள் இருவருக்கும் எதுவும் தவறாகத் தெரியவில்லை. அந்த வாடையோடு எங்கள் வீட்டு மூக்குகள் என்றோ சமாதானமாகிவிட்டிருந்தன.

ஒத்திகையில் மிதித்தேன். சுரம் சுத்தமாக வந்தது. கூடவே அதுவும் வந்தது. பாட நின்ற பெண்கள் மூக்கைப் பொத்தினார்கள்.

"அய்யே, இன்னாடி இது, கருவாட்டுக் கடையா?" என்றாள் ஒருத்தி.

"தோல் ஷாப் நாத்தம்டி," என்றாள் பக்கத்தில் நின்றவள். என்னிடம் திரும்பி, "அந்த ஆளு உங்க அப்பாவா?" என்று கேட்டாள்.

கதவருகே அப்பா பசை டப்பாவுடன் சிரித்தபடி நின்றிருந்தார். மிதிப்பதை நிறுத்தாமல், "இல்ல, ரிப்பேருக்கு வந்தவரு," என்றேன்.

டீச்சர் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாங்க டீச்சர், ரிப்பேருக்குத்தான் வந்தேன்," என்றார் அப்பா. "பாப்பா நல்லா வாசிக்குது."

ஜன்னல்களைத் திறந்துவைத்தார்கள். மாலையில் முழுப் பாட்டையும் வாசித்தேன். ஒட்டு ஓரிடத்திலும் விடவில்லை.

அப்பா வெளியே கேட்டருகே சைக்கிளுடன் காத்திருந்தார். என்னைக் கண்டதும் நடக்கத் தொடங்கினார். வழக்கமாக என்னைப் பின்னால் உட்காரவைத்துத்தான் மிதிப்பார். சாலையெங்கும் என் வகுப்புப் பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு பத்தடி முன்னாலேயே போனார். வீடு வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

சைக்கிள் செயின் கழன்றுவிட்டது என்றுதான் அன்று நினைத்துக்கொண்டேன்.