புதுசுக்குப் பதில் வந்த போன்

கவுன்டரில் கத்துகிற கஸ்டமரைச் சமாளிக்க எனக்குத் தெரியும். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்து, “ஒரு வாரத்துல வந்துடும்” என்று சொல்ல வேண்டும். நான் விருதுநகர் பக்கத்துக்காரன். ஓசூருக்கு வந்து செல்போன் சர்வீஸ் சென்டரில் சேர்ந்தபோது, கன்னடத்திலும் தெலுங்கிலும் முதலில் கற்றுக்கொண்டதே அந்த ஒரு வாக்கியத்தைத்தான். பதினாறு வருடம் அதை வைத்தே ஓட்டிவிட்டேன். கத்தாமல், தெரிந்துகொள்வதற்காக மட்டும் கேள்வி கேட்ட ஒரு கஸ்டமரிடம்தான் அது செல்லாமல் போனது. புதிதாகக் கவுன்டரில் உட்காருகிறவர்களுக்கு அந்தக் கதையைத்தான் சொல்வேன்.

1. நகம்

அவர் பெயர் மாதேஸ்வரி. பர்கூர் பக்கம் விவசாயக் குடும்பம். முப்பது வயதிருக்கும். ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிப் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷனில் வேலை. பொருளைப் பெட்டியில் அடைப்பதற்கு முன் கடைசியாகப் பார்த்து விடுகிற வேலை அது.

அவர் வாங்கிய புதுப் போன் பேசிக்கொண்டிருக்கும்போதே அணைந்து எழுந்தது. எங்களிடம் கொடுத்தார். வாரண்டியில் வேறு போன் வரவழைத்துக் கொடுத்தோம். நான்கு நாள் கழித்துக் கம்பெனிச் சட்டையோடு வந்து, அதைக் கவுன்டரில் குப்புற வைத்தார்.

“சார், இது புதுசா, ரீவொர்க் பீஸா?”

“கம்பெனியில இருந்து சீல் பண்ணி வந்ததுங்க மேடம்.”

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்த பதில் அது. பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை.

“சீல பத்திக் கேக்கல சார். பீஸ பத்திக் கேக்கறன்.” பின்பேனலின் விளிம்பில் நகத்தை ஓட்டினார். “இந்தப் பக்கம் நகம் மாட்டுது, அந்தப் பக்கம் மாட்டல. கேப் ஒண்ணா இல்ல. ஒருக்கா தொறந்து மூடியிருக்காங்கன்னு நினைக்கறன்.”

குரலில் கோபமே இல்லை. தன் லைனில் வந்த ஒரு பொருளைப் பற்றிப் பேசுவதுபோல்தான் பேசினார். நானும் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். மாட்டியது.

“தொறந்து பாக்கலாமா சார்? நான் கண்ணாடிக்கு வெளியில நின்னு பாத்துக்கறன்.”

2. நீலப் புள்ளி

வாரண்டியில் மாற்றித் தரும் போனை ஸ்வாப் யூனிட் என்போம். அத்தனை வருடத்தில் எத்தனையோ கொடுத்திருக்கிறேன். கொடுத்த ஒன்றைத் திறந்து பார்த்ததே இல்லை. அன்று எனக்கே பார்க்க வேண்டும் என்று இருந்தது. ரிப்பேர் அறைக் கண்ணாடியை ஒட்டி ட்ரேயை வைத்து, பேனலைச் சூடாக்கிக் கழற்றினேன்.

ஸ்க்ரூ தலைகளில் ஏற்கெனவே ட்ரைவர் பட்ட தடம் இருந்தது. பேட்டரியில் அச்சிட்டிருந்த தேதி சர்க்யூட் போர்டில் இருந்ததைவிடப் பல மாதம் பிந்தியது. சார்ஜிங் போர்டின் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு நீலப் புள்ளி. வேலை முடிந்ததும் நானும் அப்படித்தான் வைப்பேன், பச்சையில். எங்கோ ஒரு ஊரில், என்னைப்போல் ஒரு டெக்னீஷியன் வைத்தது. யாரோ வாங்கி, பழுதாகித் திருப்பிக் கொடுத்து, சரிசெய்யப்பட்ட போன்.

கதவைத் திறந்து அவரிடம் சொன்னேன். “ரீஃபர்பிஷ்டுங்க.”

சொன்னதும் சண்டை வரும் என்று நினைத்தேன். அவர் ட்ரேயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேல சுத்தமா இருக்குது சார். பீஸ் ரிஜக்ட் இல்ல. ஆனா டேக் இல்ல பாருங்க. எங்க லைன்ல ரீவொர்க் பண்ணா மஞ்ச டேக் கட்டிதான் அனுப்பணும். டேக் இல்லாம நல்ல பீஸோட கலந்துட்டா, அந்த லாட்டையே நிறுத்திடுவாங்க.” பிறகு சொன்னார். “எங்க அண்ணன் பழசாக்கிக் குடுக்கற போன்தான் இதுவரைக்கும் எனக்கு வரும். இந்த ஒண்ணுதான் நானா கடைக்குப் போயி, நானா சீல் உடைச்சது. அதுக்குப் பதிலா இன்னொருத்தர் போன் எப்பிடி எங்கிட்ட வந்துச்சுன்னு தெரியணும். அவ்ளோதான் சார்.”

3. ஒய்-ஒய்

அவர்கள் கம்பெனியில் ஒரு பொருள் கஸ்டமரிடமிருந்து திரும்பி வந்தால் ‘ஒய்-ஒய்’ போடுவார்களாம். ஏன் என்று கேட்டு, வருகிற பதிலுக்கும் ஏன் என்று கேட்டு, அடி வரைக்கும் போக வேண்டும். பையிலிருந்து, புகாரைக் குறித்து நாங்கள் கொடுத்த ஜாப் ஷீட் நகலை எடுத்து, அதன் முதுகில் எழுத ஆரம்பித்தார்.

“ஏன் ரீஃபர்பிஷ்டு வந்துச்சு?”

“ஸ்வாப் ஸ்டாக்குல இருந்து வந்ததால. அதுல புதுசும் இருக்கும், சரிபண்ணதும் இருக்கும்.”

“ஏன் ஸ்வாப்ல போட்டீங்க?”

“வாங்கிப் பத்து நாளைக்குள்ள பழுதுன்னா, வரும்போதே பழுதா வந்த பீஸ்னு நாங்க டிஓஏ சான்று எழுதித் தருவோம். கடையில அதைக் காட்டினா சீல் பிரிக்காத புதுப் போனே குடுப்பாங்க. உங்களுக்குப் பதிமூணு நாள் ஆயிடுச்சு.”

“நான் மொதல்ல வந்தது ஆறாவது நாள் சார். அன்னிக்கு ஏன் தர்ல?”

கம்ப்யூட்டரில் அந்தப் பழைய ஜாப் ஷீட்டைத் திறந்தேன். ‘பேசும்போது அணைவதாகப் புகார். சோதனையில் தெரியவில்லை. சாஃப்ட்வேர் அப்டேட் செய்யப்பட்டது. கவனிக்கவும்.’ கீழே என் பெயர்.

“எத்தன நிமிஷம் பேசிப் பாத்தீங்க சார்?”

“ரெண்டு நிமிஷம்.”

“பத்து நிமிஷத்துக்கு மேல பேசுனாதான் அணையுதுன்னு சொன்னனே.”

சொல்லியிருந்தார். ஞாபகம் வந்தது. நான் எழுதவில்லை. அன்று கூட்டமாக இருந்தது, கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்றேன்.

“ஆள் கவனிக்கலன்னு எழுதி முடிச்சா எங்க சார் கையெழுத்து போட மாட்டாரு. ஏன் கவனிக்கலன்னு இன்னும் ஒண்ணு கேக்கணும்.”

அதற்கான பதில் எனக்குத் தெரியும். மேனேஜர் அறையில் ஒரு போர்டு உண்டு. அந்த மாதம் எத்தனை டிஓஏ கொடுத்தோம் என்று அதில் எழுதுவோம். எண்ணிக்கை ஏறினால் சென்டரின் ரேட்டிங் இறங்கும். அதனால் முதல் முறை வருகிறவர்களை அப்டேட் போட்டுக் ‘கவனிக்கவும்’ என்று அனுப்பிவிடுவது எங்களுக்குப் பழக்கமாகியிருந்தது. அவர்கள் திரும்பி வருவதற்குள் பல நேரம் பத்து நாள் தாண்டியிருக்கும். இதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கை தானாக அப்படி எழுதியது. அதையும் அவரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, பேனாவை மூடினார்.

“இப்பப் புரியுது சார்,” என்றார். அந்த வார்த்தை என்னைக் குத்தியதுபோல் எந்தத் திட்டும் குத்தியதில்லை.

4. மெயில்

எங்கள் மேனேஜர் நாகராஜ் சார் கெட்டவர் இல்லை. ஆனால் மாதேஸ்வரிக்குப் புதுப் போனே தர வேண்டும் என்று போன் கம்பெனிக்கு அனுப்ப நான் எழுதியிருந்த மெயிலைப் படித்ததும் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

“ஏன் பாண்டி, ‘எங்கள் சென்டரின் தவறு’ன்னு நீயே எழுதிக் குடுக்கறியா? ஆடிட்டுக்கு ஆள் வந்தா நான் என்னா சொல்றது? வாரண்டி பேப்பர்லயே இருக்குது, புதுசோ சரிபண்ணதோ குடுக்கலாம்னு. அவங்க படிச்சிருக்கணும்.”

“அது பத்து நாளைக்கு அப்புறம் சார். அவங்க வந்தது ஆறாம் நாள்.”

அவர் மெயிலை இன்னொரு முறை படித்தார். பிறகு, “உன் பேர்லயே அனுப்பிக்க,” என்றார்.

அனுப்பினேன். மறுத்து ஒரே வரியில் பதில் வந்தது. முதல் ஜாப் ஷீட்டை இணைத்து மறுபடி அனுப்பினேன். அதற்கும் மறுப்பு. மூன்றாம் முறைதான் ஒத்துக்கொண்டார்கள். நாகராஜ் சார் சொன்னபடி ஆடிட்டுக்கும் ஆள் வந்தார். நான் ‘கவனிக்கவும்’ என்று எழுதிய தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. இரண்டு மாதம் கவுன்டரில் உட்கார விடவில்லை. ரிப்பேர் அறையில் மட்டும்தான் வேலை.

இதற்கிடையில் மாதேஸ்வரி அந்த ரீஃபர்பிஷ்டு போனைத்தான் பயன்படுத்தினார். ஒரு நாள்கூட அது மக்கர் செய்யவில்லை. விடுமுறை நாளில் வந்து, மெயில் என்ன ஆனது என்று கேட்டுவிட்டுப் போவார். புதுப் போன் வந்த அன்று, என்னை ரிப்பேர் அறையிலிருந்து வரச் சொல்லி, கவுன்டரிலேயே சீலை உடைத்து சிம்மை மாற்றினார். பழையதை என்னிடம் நீட்டும்போது கேட்டார்.

“இது இனிமே எங்க போவும் சார்?”

“கம்பெனிக்குத் திரும்பும். அங்கிருந்து வேற யாருக்காவது.”

“நல்ல போன்தான். சரிபண்ணதுன்னு சொல்லிட்டுக் குடுங்க.”

5. கவுன்டருக்குத் திரும்பியபின்

திரும்பி உட்கார்ந்த வாரமே ஒரு ஸ்வாப் யூனிட் கொடுக்க வேண்டி வந்தது. வாங்க வந்தவர் கிரானைட் குவாரி லாரி ஓட்டுநர், கன்னடக்காரர். இது புதுசு இல்லை, சரிசெய்த போன் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. இரண்டு கேள்வி கேட்டார். இதில் என்ன மாற்றினார்கள்? மறுபடி கெட்டால் என்ன செய்வீர்கள்? இரண்டுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.

பதினாறு வருடம் இந்தப் போன்களைக் கையில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அவற்றைப் பற்றி யாரும் கேட்காதபடி பார்த்துக்கொண்டதால், நானும் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை. அன்று அவரை உட்கார வைத்துவிட்டு, போன்களைச் சரிசெய்து அனுப்பும் குடோனுக்கு முதல் தடவையாகப் போன் போட்டேன். அங்கே எடுத்தவர் சீரியல் நம்பரைக் கேட்டார். ஸ்பீக்கரும் பேட்டரியும் மாற்றியது, மூன்று மணி நேரம் ஓட விட்டுச் சோதித்தது, மறுபடி பழுதானால் எந்தப் படிவத்தில் எழுத வேண்டும் என்பது, எல்லாவற்றையும் தயங்காமல் சொன்னார். இத்தனை வருடமாக யாராவது கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

இப்போது கஸ்டமர் சொல்கிற புகாரை, எத்தனை நிமிடம் என்பதுவரை, அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஸ்வாப் யூனிட் வந்தால் சீரியல் நம்பரை வைத்து முதலில் குடோனில் விசாரித்துவிடுகிறேன். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறேன். கேட்காதவர்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்குகிறேன்.