ஐந்தாவது கொப்பு

எங்கள் வீட்டில் அதற்கு முன் யாரும் வேலையில்லாமல் மலை ஏறியதில்லை. விறகுக்குப் போவார்கள், மாட்டுக்குப் புல் அறுக்கப் போவார்கள், ஏலத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போவார்கள். சோறு கட்டிக்கொண்டு, குடும்பத்தோடு, சும்மா பார்த்துவிட்டு வருவதற்காக ஏறலாம் என்று சொன்ன முதல் ஆள் நான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவனும் நான்தான் என்பதால் யாரும் எதிர்த்துப் பேசவில்லை. யாராவது ஒருவர் பிடிவாதமாக மறுத்திருக்கலாம்.

ஆசிரியர் வேலை கிடைத்துத் தேனியில் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். எழுபதுகளின் கடைசி. உடன் வேலை பார்த்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமைதோறும் மனைவி மக்களோடு ஏதாவது ஒரு மலைப்பக்கம் போய் வருவார். திங்கட்கிழமை முழுக்க அதே பேச்சு. ஒருநாள் எல்லார் முன்னாலும் என்னைக் கேட்டார்: “சின்னமனூர்ல, மலைக்கு அடியிலயே பொறந்திருக்கீக. மேல என்ன இருக்குன்னு பாத்ததில்லையா சார்?” சிரித்துச் சமாளித்தேன். சாயங்காலம் வரை காது சுட்டது.

அந்தச் சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட்டேன்: “நாளைக்கு எல்லாரும் மலைக்குப் போறோம்.”

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். “என்னாத்துக்குய்யா?”

“சும்மாதான். அருவி ஒண்ணு இருக்கு. ரெண்டு மணி நேர நடை. மத்தியானம் சாப்பிட்டுட்டு எறங்கிரலாம்.”

“யான இருக்குமே.”

“பகல்ல வராதும்மா.”

இது நான் எங்கேயும் படித்ததில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் வாயில் வந்தது, சொல்லிவிட்டேன். பழனிசெட்டிபட்டியில் வாழ்க்கைப்பட்ட அக்கா அப்போது ஐந்து வயது மகளோடு வந்திருந்தாள். அவள் சிரித்தாள்: “யானைக்கு நீதான் டைம்டேபிள் போட்டுக் குடுத்தியாக்கும்.”

அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “மேல தண்ணி ஓடுதா?” அவர் வாழ்நாள் முழுக்க வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். வாய்க்காலில் வரும் தண்ணீரை மடை மாற்றி மடை திறந்து எந்த வயலுக்கு எவ்வளவு என்று முறைவிடுவது அவர் வேலை. ஓடுகிறது என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார், அப்போதே கிளம்புகிறவர் மாதிரி.

காலையில் அடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். பஸ் நிற்கும் இடத்தில் ஒரு டீக்கடை. முப்பத்தைந்து வயதுள்ள ஒரு அம்மா நடத்தினாள். விறகு சுமந்து உரமேறிய கழுத்து. நாங்கள் டீ குடிக்கும்போது என் பேனாவைப் பார்த்தே வாத்தியார் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

“எத்தன பேரு ஏறுறீக வாத்தியாரே?”

“பிள்ளையோட சேத்து அஞ்சு.”

“அப்ப அஞ்சு கொப்பு வச்சிட்டுப் போங்க. பாத தொடங்குற எடத்துல கல்லு இருக்கும்.”

கடையிலிருந்து கூப்பிடு தூரத்தைத் தாண்டி, ஒரு வளைவுக்கு அப்பால் இருந்தது அந்தக் கல். இடுப்பு உயரம், மேலே தட்டை. விபூதியோ குங்குமமோ இல்லை. அதன் மேல் ஏற்கெனவே ஏழெட்டு இலைக்கொப்புகள் கிடந்தன. மலை ஏறுகிறவர் ஆளுக்கு ஒன்று ஒடித்து வைக்க வேண்டும் என்று கடைக்காரம்மா விளக்கியிருந்தாள். இறங்கும்போது அவரவர் கொப்பை அவரவரே எடுத்துப் போட்டுவிட வேண்டும். சாயங்காலம் கடைசியாக இறங்குகிற புல்லறுப்பவர்கள் கல்லைப் பார்ப்பார்கள். கொப்பு கிடந்தால் மேலே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்குப் போகாமல் திரும்ப ஏறித் தேடுவார்கள். கல் வெறுமையாக இருந்தால் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

கேட்டபோது எனக்கு மிகவும் பிடித்துப்போனது. “பாருக்கா, இது ஒரு வருகைப் பதிவேடு” என்றேன்.

“ஒனக்கு எதப் பாத்தாலும் பள்ளிக்கூடந்தான்” என்றாள் அக்கா.

அப்பா மஞ்சள் பூவோடு ஓர் ஆவாரங்கொப்பை ஒடித்து வைத்தார். அக்கா மகள் தன் கொப்பைத் தானேதான் வைப்பேன் என்று அடம்பிடித்தாள். தூக்கிப் பிடித்தேன்.

ஏற்றம் நான் சொன்ன மாதிரி எளிதாக இல்லை. பாதை இரண்டு அடி அகலம். இடது பக்கம் சரிவு. சருகின் மேல் கால் வைத்தால் வழுக்கியது. அம்மா புடவையை ஒரு கையால் கொசுவிப் பிடித்துக்கொண்டு மறு கையால் பாறையைத் தடவித் தடவி வந்தாள். ஒவ்வொரு வளைவிலும் நான் முன்னே போய் எட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல, வாங்க” என்பேன். ஒன்றுமில்லை என்று எனக்கே தெரியாது. பெரிய மனிதனாக எல்லாரையும் கூட்டிக்கொண்டு போகிற பெருமை முதல் அரைமணி நேரத்தில் தீர்ந்துபோனது. பிறகு இருந்ததெல்லாம் பயம். யார் கால் எங்கே படுகிறது என்று திரும்பித் திரும்பிப் பார்த்தே கழுத்து வலித்தது.

அருவி சின்னதுதான். ஆனால் அப்பா அதன் முன் நின்ற விதத்தைப் பார்த்தபோது வந்தது நல்லது என்றே தோன்றியது. புளிச்சோறும் துவையலும் சாப்பிட்டோம். அக்கா மகள் தண்ணீரில் காலை விட்டுக் கத்தினாள். கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சையாகத் தெரிந்தது. அதில் எங்கள் வீடு எந்தப் பக்கம் என்று அம்மாவும் அக்காவும் சண்டை போட்டார்கள்.

இரண்டு மணிக்கு மேல் மேகம் இறங்க ஆரம்பித்தது. பள்ளத்தாக்கு ஒரு ஓரத்திலிருந்து காணாமல் போய்க்கொண்டே வந்தது. நான் எழுந்துவிட்டேன். “எறங்குவோம். அஞ்சு மணிக்குத்தான் கடைசி பஸ்.”

இறங்கும் வழியில், ஓடை பாதையைத் தொடும் ஓர் இடத்தில், தண்ணீர் ஒரு பாறையில் மோதி இரண்டாகப் பிரிந்தது. ஒரு பாதி கண் முன்னால் ஓடியது. மறு பாதி பாறை இடுக்கில் புகுந்து மறைந்தது. அப்பா நின்றுவிட்டார்.

“இது எங்கிட்டுப் போயி வெளிய வருது?”

“யாருக்குத் தெரியும்? வாங்கப்பா.”

“நீங்க போங்க. பாத்துட்டு வாரேன். கல்லுக்கிட்ட நில்லுங்க.”

“சரி, நிக்கிறோம்” என்றேன். அந்தச் ‘சரி’யை நான்தான் சொன்னேன்.

கல்லை அடையும்போது தூறல் விழ ஆரம்பித்துவிட்டது. பிள்ளை என் தோளில் அழுதுகொண்டிருந்தது. மேலே திரும்பிப் பார்த்தேன். இரண்டு வளைவுக்கு மேலே அப்பாவின் வெள்ளைத் துண்டு தெரிந்தது. இதோ வந்துவிட்டார் என்று நினைத்தேன். வகுப்பில் பெஞ்சு நிறைந்திருந்தால் பெயர் கூப்பிடாமலே எல்லாருக்கும் வருகை போட்டுவிடுவது என் வழக்கம். அதே கையால் கல்லின் மேல் கிடந்த எங்கள் ஐந்து கொப்புகளையும் ஒரே அள்ளாக அள்ளிப் புதரில் வீசினேன்.

“உங்கப்பா வரட்டும்யா” என்றாள் அம்மா.

“இந்தா வந்துட்டாருல்லம்மா. பிள்ள நனையுது, கடைக்குப் போவோம்.”

கடையில் உட்கார்ந்தோம். பிள்ளைக்குப் பன் வாங்கிக் கொடுத்தேன். கால் மணி நேரம் போனது. இன்னொரு கால் மணி நேரம். தூறல் நின்று, அதற்குப் பதிலாக மஞ்சு, மலை மூடுபனி, இறங்கியது. எதிரில் நின்ற பஸ்ஸின் முன்பக்கம் மட்டும் தெரிந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். அம்மா நகரவில்லை. பஸ் போய்விட்டது.

கல் வரை ஓடினேன். யாருமில்லை. கல் வெறுமையாக இருந்தது. காலையில் நாங்கள் பார்த்த மற்ற கொப்புகளும் இல்லை. “அப்பா” என்று கூப்பிட்டேன். மஞ்சுக்குள் என் குரல் நாலடி கூடப் போகாத மாதிரி இருந்தது. மறுபடி கடைக்கு ஓடி வந்தேன்.

“புல்லறுக்குறவுக எங்கன? எங்கப்பா இன்னும் எறங்கல.”

கடைக்காரம்மா கண்ணாடித் தம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தாள். “அவுக அப்பவே எறங்கி அங்கிட்டுக் குறுக்குப் பாதையில ஊருக்குப் போயிட்டாகளே. கல்லு காலியா இருந்திருக்கும்ல.” தம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “எத்தன பேரு எறங்குனீக?”

“நாலு.”

“எத்தன கொப்பு எடுத்தீக?”

“அஞ்சு” என்றேன்.

அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை. அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்தாள். கூரையில் செருகியிருந்த அரிவாளை எடுத்தாள். அம்மாவிடம் மட்டும், “பிள்ளையப் பாத்துக்கிட்டு இங்கனயே இருங்க ஆத்தா. கடைய விட்டு எறங்காதீக” என்றாள். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கல்லுக்குப் பக்கத்தில் வந்ததும் கடைக்காரம்மா நின்றாள். “ஒடி” என்றாள்.

“என்னது?”

“கொப்பு. ஒங்கப்பனுக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணு. எனக்கு நானே வச்சுக்கிருவேன்.”

ஒடித்து வைத்தேன். மூன்று கொப்புகள். அதற்குப் பிறகுதான் ஏறினோம். இருட்டுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஆனால் மரத்தடிகள் அதற்குள் கறுத்துவிட்டன. ஒவ்வொரு சரிவிலும் நின்று எட்டிப் பார்த்தேன். வெள்ளையாக எது தெரிந்தாலும் அப்பாவின் துண்டோ என்று நின்றேன். ஒருமுறை அது காளான், ஒருமுறை உரிந்த மரப்பட்டை. “அப்பா” என்று கத்திக்கொண்டே போனேன்.

மூன்றாவது வளைவில் கடைக்காரம்மா என் வாயைப் பொத்தினாள். உண்மையிலேயே கையை வைத்துப் பொத்தினாள். பாதை நடுவில் புதிய யானை லத்தி கிடந்தது. பக்கத்தில் மூங்கில் முறிந்து வெள்ளையாகத் தெரிந்தது.

“இப்பத்தான் போயிருக்கு. பேசாம வா” என்று காதருகே சொன்னாள்.

முந்தின நாள் அம்மாவிடம் நான் சொன்னது ஞாபகம் வந்தது. பகலில் வராது.

கூப்பிட்டால்தான் அப்பா கிடைப்பார். கூப்பிட்டால் அது திரும்பும். எத்தனை நேரம் அப்படி நடந்தோம் என்று தெரியவில்லை, பத்து நிமிஷம்தான் இருக்கும். என் செருப்பு சருகில் எழுப்பிய சத்தம் எனக்கே பொறுக்கவில்லை. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

அப்போது மேலேயிருந்து கேட்டது. “ஓஓஓ...ய்!”

வயல்காட்டில் மடை திறந்ததும் கடைமடைக்காரனுக்குக் கேட்கும்படி அப்பா கொடுக்கும் குரல். சின்ன வயதிலிருந்து கேட்ட குரல். ஆனால் இதில் நடுக்கம் இருந்தது. அப்பாவின் குரல் நடுங்கி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

“ஐயோ, அந்த மனுசனக் கத்த வேணாம்னு சொல்லணுமே” என்றாள் கடைக்காரம்மா. சொல்ல வழியில்லை. மறுபடி ஒருமுறை கேட்டது. அப்புறம் கேட்கவில்லை. இடது பக்கச் சரிவில் ஏதோ முறிந்தது. பிறகு அதுவும் இல்லை. எல்லாம் அடங்கிய அந்தக் கொஞ்ச நேரத்தில் அம்மாவிடம் போய் என்ன சொல்வேன் என்று வாக்கியம் யோசித்துவிட்டேன். அதை இப்போது எழுத முடியாது.

வளைவைத் திரும்பினோம். அப்பா பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். முழங்கால் வரை சேறு, ஒரு முழங்காலில் ரத்தம். எங்களைப் பார்த்ததும் தாவி வந்து என் சட்டையைப் பிடித்தார்.

“பிள்ள எங்கனடா? பிள்ள எங்கன?”

“கடையில இருக்குப்பா.”

“ஒங்கம்மா? அக்கா?”

“எல்லாரும் கடையிலதான். பிள்ள பன்னு திங்குது.”

என் சட்டை நுனியை விடாமலே அவர் பாதையில் உட்கார்ந்துவிட்டார். தாழ்ந்த குரலில் நடந்ததைச் சொன்னார். சரிவில் வழுக்கி விழுந்து, தாமதமாக, நாங்கள் கடையில் இருந்தபோது அவர் கல் வரை இறங்கி வந்திருக்கிறார். நிற்கிறோம் என்ற நாங்கள் அங்கே இல்லை. கல்லில் கொப்பே இல்லை. அவர் வைத்த ஆவாரங்கொப்பு புதரில் பூவோடு கிடந்திருக்கிறது. “என் கொப்ப யாரோ எடுத்து எறிஞ்சிருந்தாக. அப்ப ஒங்க கொப்பையும் அவுகதான எடுத்திருப்பாக? நீங்க எறங்கலைன்னு நெனச்சேன். மஞ்சுல வழி மாறிட்டீகன்னு நெனச்சேன். குறுக்கால ஏறிட்டேன்.” ஐந்து வயதுப் பிள்ளையைத் தேடிக்கொண்டு அவர் திரும்ப ஏறியிருக்கிறார்.

யார் எடுத்தது என்று அவர் கேட்கவில்லை. நான் சொன்னேன்: “நான்தாம்ப்பா எடுத்தேன். அஞ்சையும்.”

அவர் என் சட்டையிலிருந்து கையை எடுத்தார்.

“பேச்செல்லாம் கீழ போயி” என்றாள் கடைக்காரம்மா. அவள் முன்னால், அப்பா நடுவில், நான் கடைசியில். லத்தி கிடந்த இடத்தைத் தாண்டும்போது மூவரும் மூச்சுவிடவில்லை. முதுகுக்குப் பின்னால் எதுவோ வருகிறது என்று கல் தெரியும்வரை எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லை.

கல்லருகே இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. கடைக்காரம்மா தன் கொப்பை எடுத்துப் போட்டாள். அப்பாவுக்காக நான் வைத்ததை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினேன். அப்பா என் கையை விலக்கிவிட்டுத் தானே எடுத்தார். கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பாதை ஓரத்தில் போட்டுவிட்டு, காலை இழுத்து இழுத்துக் கடைப் பக்கம் நடந்தார்.

எனக்குக் கல்லைத் தொடவே பயமாக இருந்தது.

“எடு வாத்தியாரே” என்றாள் கடைக்காரம்மா. “ஒன்னோடது. ஒண்ணுதான்.”

அதை எடுத்துப் போடுவதற்குள் அப்பா வளைவைத் தாண்டி மறைந்துவிட்டார். ஓடிப்போய் அவர் முதுகு கண்ணில் பட்ட பிறகுதான் மூச்சு வந்தது.