சுடலைமாடன் காவல் நின்ற ஆஸ்பத்திரி

நேற்று அடுத்த வீட்டு நிறைமாச முத்துலட்சுமிக்கு இடுப்புவலி என்று ஆம்புலன்ஸ் வந்தது. போன் போட்டுவிட்டு, அவள் மாமியார் மாற்றுச்சேலையை மடித்துப் பையில் வைப்பதற்குள் வண்டி வாசலில் நின்றது. கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து ஸ்பிரிட் வாசனை. ஏறப்போனவள் தலையில் பிச்சிப்பூ. இரண்டும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் நான் நடுத்தெருவில் நிற்பதையே மறந்துபோனேன். "ஆச்சி, வண்டி போவாண்டாமா? ஒதுங்குங்க" என்று டிரைவர் சத்தம் போட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

ஸ்பிரிட்டும் பிச்சிப்பூவும் ஒன்றாக மணத்த இடம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது எங்கள் ஊர்ப் பழைய ஆஸ்பத்திரி. சிரிக்காதீர்கள், சொல்லுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி எழுதுவதால் கதை பையத்தான் நகரும். அவசரம் என்றால் ஒரு காப்பி போட்டுக் குடித்துவிட்டு வாருங்கள், நான் இங்கேதான் இருப்பேன்.

எங்கள் ஊர் கல்லிடைக்குறிச்சியிலிருந்து உள்ளே தள்ளி, வயல்களுக்கு நடுவில் இருக்கிறது. நான் வாக்கப்பட்டு வந்த காலத்தில் ரோடு கிடையாது, வாய்க்கால்கரைதான் ரோடு. தாய் இல்லாதவள் என்பதால் தலைப்பிரசவமும் எனக்கு மாமியார் வீட்டில்தான். அடைமழையில் வலி கண்டது. மாட்டுவண்டியில் வைக்கோலை விரித்து என்னைப் படுக்கவைத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினார்கள். வண்டி பாதி வழியில் சேற்றில் இறங்கிவிட்டது. ஆண்கள் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை பிறந்தான். அவன் அழவில்லை. இதற்குமேல் அதை எழுத எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் எழுதமாட்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலத்தில் ஊருக்கு ஒரு சின்ன ஆஸ்பத்திரி கட்ட அரசாங்கம் இடம் கேட்டது. டாக்டர் கிடையாது, பிரசவம் பார்க்க ஒரு நர்ஸ், அவ்வளவுதான். விளைகிற வயலை யார் கொடுப்பார்கள்? யாருக்கும் உதவாத துண்டு இடம் ஒன்று எங்கள் காவல்சாமி சுடலைமாடன் பீடத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. ஊர்ப் பெரியவர்கள் சந்தோஷமாக அதைக் கொடுத்துவிட்டார்கள். கட்டிடம் எழும்பி, வெள்ளையடித்து, நர்ஸும் வந்து இறங்கிய பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாசமாக இருக்கிறவள் மாடன் எல்லையை மிதிக்கக் கூடாது. எங்கள் ஊரில் இது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். பிள்ளை பெறுவதற்கென்றே ஒரு ஆஸ்பத்திரியைக் கட்டி, அதைப் பிள்ளைத்தாய்ச்சி வரக்கூடாத இடத்தில் வைத்துவிட்டார்கள்! கூடிப் பேசினது பூராவும் ஆம்பிளைகள், வேறென்ன சொல்ல.

நர்ஸ் பெயர் ஜெசிந்தா, ஊர் புன்னக்காயல். கடல்காற்றை எதிர்த்துப் பேசியே வளர்ந்தவள் என்பதால் ரகசியம் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும். தினமும் காலையில் ஆஸ்பத்திரியைக் கழுவி, கத்தரிக்கோலை எல்லாம் கொதிக்கவைத்துவிட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். காய்ச்சல் ஊசிக்கு ஆண்கள் போவார்கள். தலைவலி மாத்திரைக்குக் கிழவர்கள் போவார்கள். போகவேண்டியவர்கள் போகவில்லை. ஊருக்குள் பிரசவம் பழையபடி இருட்டு உள்ளறையில், அரங்குவீட்டு மூலையில்தான்.

நான் மறுபடி உண்டானேன். வாய்க்கால் படித்துறையில் ஜெசிந்தா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏளா, எத்தனை மாசம்?"

"அஞ்சு முடிஞ்சிட்டுக்கா."

"அங்கன வா, பாக்கணும்."

"மாமியா கொன்னுபோடுவாவ."

"மாமியா கொன்னா நான் வந்து கேக்கேன். மழை கொன்னா யாருளா கேப்பா? ஒருத்தியும் வரலைன்னா ஆஸ்பத்திரியப் பூட்டி வேற ஊருக்குக் குடுத்துருவோம்னு மேலிடத்துல சொல்லியாச்சு, பாத்துக்க."

மழை என்றதும் என் கை தானாக வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இந்தப் பிள்ளைக்கும் நாள் ஐப்பசியில்தான் வந்து நின்றது.

வீட்டில் போய்ச் சொன்னேன். மாமியார் அரிசி புடைத்துக்கொண்டிருந்த சுளகைக் கீழே வைத்தார்கள். "ஒரு பிள்ளைய மழையில குடுத்தாச்சு. இதை மாடனுக்குக் குடுக்கணுமாட்டி?" என்றார்கள். பொல்லாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வண்டியில் என்னைவிட அதிகம் அழுதது அவர்கள்தான்.

மாடனைத் தாண்டிப் போக முடியாது என்றால் மாடனிடமே கேட்டுவிடுவோம் என்று தோன்றியது. ஆடி மாதம் மாடனுக்குக் கொடைத் திருவிழா வந்தது. சாமி இறங்கி ஆடும் கோமரத்தாடி என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா, எனக்கு மாமா. மற்ற நாளில் பெண்டாட்டி அதட்டினால் வாய் வெற்றிலையை அப்படியே விழுங்கிவிடுவார். இடுப்பில் மணி வைத்த சல்லடம் கட்டி, பிச்சிமாலை போட்டு, வல்லயம் என்கிற ஈட்டியைக் கையில் பிடித்துவிட்டால் அவர் வேறு ஆள்.

மத்தியானக் கொடை. மேளம் உச்சத்தில். எல்லைக்கல்லுக்கு வெளியே நின்று நான் கத்தினேன்.

"ஐயா! எனக்கு ஒரு கேள்வி இருக்கு!"

மேளம் நின்றது. மாமியார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். "ஏட்டி, வாய மூடுட்டி!"

"கேளு தாயி" என்றது சாமி.

"நீரு இந்த ஊருக்குக் காவக்காரர்தான?"

"ஆமா!"

"காவக்காரர் வாசல மிதிக்கப் பயந்தா அப்புறம் என்ன காவலு? எம்புள்ள உம்ம எல்லையில பொறந்தா காப்பீரா, மாட்டீரா? இத்தனை சனத்துக்கு முன்னால சொல்லும்!"

கத்தின கத்தில் என் கொண்டை அவிழ்ந்து முடி விரிந்து கிடந்தது. சாமியாடியது அவரா நானா என்று பார்த்தவர்களுக்குச் சந்தேகமாகத்தான் இருந்திருக்கும். சாமி எல்லைக்கல் வரைக்கும் வந்தது. பிறகு வல்லயத்தைத் தரையில் ஊன்றியது.

"எம் பக்கத்துல பொறக்குத அத்தனையும் எம்புள்ள! வரவிடாதவன் எனக்குப் பதில் சொல்லணும்!"

சொன்னதோடு நிற்கவில்லை. கழுத்துப் பிச்சிமாலையைக் கழற்றிக்கொண்டு நேராகப் போய் ஆஸ்பத்திரிக் கதவில் மாட்டியது. ஜெசிந்தா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். அப்புறம், மாலை விழுந்துவிடாமல் ஒரு ஆணியும் அடித்தாள். பின்னொரு நாள் மாமாவிடம், "அன்னிக்கிப் பேசினது நீங்களா மாமா, மாடனா?" என்று கேட்டேன். "எனக்கென்னம்மா தெரியும், நான் அங்கன இல்லியே" என்று வெற்றிலையை மடித்தார்.

ஐப்பசியில் மழை வாய்க்காலை முட்டிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை வண்டியும் வேண்டாம், வைக்கோலும் வேண்டாம். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு காலையில் நடந்தே போனேன். "முக்குளா, முக்கு! மாடன்கிட்ட அந்த வாயாடுனவ, இப்ப சத்தத்தையே காணோம்?" என்று ஜெசிந்தா என் காதில் கத்தினாள். சாமி சொல்லியும் மனம் கேட்காத மாமியார், எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமே மழையில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பிள்ளை வந்தது. சத்தம் இல்லை. ஜெசிந்தா அதன் வாயைத் துடைத்து, தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டினாள். மறுபடி தட்டினாள். வீல் என்று கிளம்பியது பாருங்கள், அதற்கு அடுத்த நிமிஷம் மாமியார் கட்டிலுக்குப் பக்கத்தில் சொட்டச் சொட்ட நிற்கிறார்கள்.

"பொம்பளப் பிள்ளைம்மா" என்றாள் ஜெசிந்தா.

"எதுவா இருந்தா என்னட்டி, அழுதால்லா!" என்றார்கள் மாமியார்.

மாடத்தி என்று பெயர் வைத்தோம். அதன் பிறகு ஊரே அங்கேதான் போய்ப் பெற்றது. எல்லாம் மாடசாமி, மாடத்தி, சுடலைமுத்து. "மாடசாமின்னு கூப்பிட்டா பாதி வகுப்பு எந்திரிக்கு" என்று பள்ளிக்கூடத்து சார் தலையில் அடித்துக்கொள்வார். என் மாடத்தி இன்றைக்குப் பாளையங்கோட்டையில் காலேஜில் பாடம் நடத்துகிறாள். பெயரை மாற்றிக்கொள்ளேன் என்று சொன்னவர்களிடம் அவள் பேசின பேச்சு இருக்கிறதே, என் மகள்தான்.

அந்தக் கட்டிடம் இப்போது இல்லை. ரோட்டுமேல் பெரிதாகக் கட்டிவிட்டார்கள். டாக்டர் உண்டு, ஸ்கேன் உண்டு. ஜெசிந்தா எப்போதோ ஓய்வு பெற்றுக் கடற்கரைக்கே போய்விட்டாள். இதற்கெல்லாம் எனக்கு வருத்தம் கிடையாது.

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் பக்கத்து இலையில் உட்கார்ந்த சின்னப்பெண், "ஆச்சிக்கு எத்தனை பிள்ளைய?" என்றாள். எங்கள் காலத்தில் இந்தக் கேள்வி அதோடு நிற்காது. பெற்றது எத்தனை, நிலைத்தது எத்தனை என்று சேர்த்துத்தான் கேட்பார்கள். பூ விலை விசாரிப்பதுபோலக் கேட்பார்கள், நாமும் அப்படியே சொல்லுவோம். அந்தப் பழக்கத்தில், "பெத்தது நாலு, நிலைச்சது மூணு" என்றேன்.

"அப்படின்னா என்ன ஆச்சி?" என்றாள் அவள். நிசமாகவே அவளுக்குத் தெரியவில்லை.

நான் விளக்கவில்லை. பாயசம் கொண்டு போனவரைக் கூப்பிட்டு, எனக்கும் அவளுக்கும் இன்னொரு கரண்டி ஊற்றச் சொன்னேன்.